நாற்காலியில் உட்காராதவர்

ஒன்றுமே நடக்காத ஓர் இடத்தை ஒருவர் சரியாகத்தான் காவல் காத்தார் என்பதை எப்படித் தெரிந்துகொள்வது? அவர் நின்றதால் நடக்காமல் போனதா, நடக்கவே போகாத இடத்தில் அவர் வீணாக நின்றாரா? இரண்டு பக்கமும் யோசித்துப் பார்த்துவிட்டேன்.

ரெட்டியார்பாளையத்தில், விழுப்புரம் சாலையிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு தெருவில், என் மகள் நிவேதா படித்த மழலையர் பள்ளி இருக்கிறது. இருநூறு சொச்சம் பிள்ளைகள். ஒரே ஒரு கேட். கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி. அதில் உட்கார வேண்டியவர் உட்காரவே மாட்டார். பிள்ளைகள் மறந்துவிட்டுப் போகும் தண்ணீர் பாட்டில்களையும் தொப்பிகளையும் அதில் அடுக்கி வைத்திருப்பார்.

“நாள் பூரா நிக்கிறீங்களே, செத்த உக்காரக் கூடாதா?” என்று ஒருமுறை கேட்டேன்.

“உக்காந்தா காலு தூங்கிடும் மேடம். காலு தூங்குனா கண்ணும் தூங்கிடும்.”

அவர் பெயரை எழுதப் போவதில்லை. அவரிடம் அனுமதி கேட்கவில்லை. கேட்கும் இடத்திலும் நான் இல்லை. பாகூர் பக்கம் ஏதோ ஒரு கிராமம், விவசாயக் குடும்பம். மத்தியப் படை ஒன்றில் இருபது வருடத்துக்கு மேல் இருந்துவிட்டுத் திரும்பியவர். வயது ஐம்பதுக்குள்தான் இருக்கும். இடது காது சுத்தமாகக் கேட்காது. அதனால் எப்போதும் வலது காதைத் தெருப்பக்கம் கொடுத்து, உடம்பைக் கொஞ்சம் ஒருக்களித்து நிற்பார். தூரத்திலிருந்து பார்த்தால் யாரோ கூப்பிட்டுத் திரும்பப் போகிறவர் மாதிரி இருக்கும்.

அம்மாக்கள் நாங்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் ‘பார்டர்’. “பார்டரு இன்னிக்கு லீவா?” “பார்டரு கோவமா இருக்குது, சீக்கிரம் வா.” அவருக்கும் அது தெரியும். ஒருநாள் கலா அக்கா கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டார். கலா அக்கா எங்கள் தெருக்காரர், அவர் பையனும் நிவேதாவும் ஒரே வகுப்பு. பார்டர் திரும்பிப் பார்த்து, “வலது காதுப் பக்கம் நின்னு சொல்லிட்டீங்களே மேடம்” என்றார். சிரிக்காமல்தான் சொன்னார்.

அவரைப் பற்றி நினைத்தாலே முதலில் ஞாபகம் வருவது மதியச் சாப்பாடு. எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைகளுக்குக் காலையிலேயே சோறு கட்டிக் கொடுத்தனுப்ப மனசு வராது. பதினொன்றே முக்காலுக்குச் சுடச்சுட எடுத்துக்கொண்டு பள்ளிக்குப் போவோம். கேட்டில் வரிசை. ஒவ்வொரு பையையும் அவர் திறப்பார். கைக்குட்டையால் மூடியைத் தூக்கி, உள்ளே பார்த்து, மூடி, பிள்ளையின் பெயர் எழுதிய நீல அட்டையைப் பையில் கட்டி உள்ளே அனுப்புவார். அட்டை இல்லாத பை உள்ளே இருக்கக் கூடாது. இது அவர் போட்ட சட்டம்.

“எங்க வூட்ல இன்னா கொழம்புன்னு எம் புருஷனுக்கு முன்னாடி இந்தாளுக்குத் தெரிஞ்சிடுது” என்பார் கலா அக்கா.

உண்மையில் எங்களுக்கு இருந்த வருத்தம் வேறு. பிள்ளை சாப்பிடப் போகிற சோற்றை மூன்றாம் மனிதர் திறந்து பார்ப்பதா? கண் பட்டுவிடாதா? நான் எம்.காம். படித்தவள், இதையெல்லாம் நம்பாதவள் என்றுதான் சொல்லிக்கொள்வேன். ஆனால் நிவேதா சாப்பிடாமல் மிச்சம் கொண்டுவரும் நாட்களில் அவருடைய கைக்குட்டை நினைவுக்கு வரும்.

ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். அத்தனை வீட்டுச் சோற்றையும் பார்த்தவர், எந்த வீட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை வெளியே விட்டதில்லை. மில் மூடிய பிறகு கஷ்டத்திலிருந்த ஒரு குடும்பத்தில் மாதக் கடைசியில் வெறும் மோர்ச் சோறும் உப்பும்தான் வரும். அந்த டப்பாவை மட்டும் அவர் மற்றதைவிட வேகமாக மூடிவிடுவார். எனக்குப் பின்னால் நின்றிருந்தவர்கள் கவனித்தார்களா தெரியாது. நான் கவனித்தேன்.

பிள்ளையை அழைத்துப் போகவும் அட்டை வேண்டும், போட்டோ ஒட்டியது. ஒருநாள் எனக்கு உடம்பு சரியில்லை என்று என் கணவர் போனார். அவரும் பார்டரும் தினமும் காலையில் ஒரே கடையில் டீ குடிப்பவர்கள்.

“சார், கார்டு?”

“என்னங்க, காலையில ஒண்ணா நின்னு டீ குடிச்சோமே.”

“ஆமா சார். சக்கர கம்மியா கேட்டீங்க. கார்டு எங்க?”

என் கணவர் வீட்டுக்கு வந்து அட்டையை எடுத்துக்கொண்டு மறுபடி போனார். நிவேதா இருபது நிமிடம் கேட்டுக்கு உள்ளே நின்று அப்பாவைப் பார்த்து அழுதிருக்கிறாள். “பைத்தியக்காரன்” என்றார் கணவர், செருப்பைக் கழற்றாமலே. “அவன் தலைக்குள்ள சண்ட முடியல. அதுக்கு நம்ம பொண்ணு அழணுமா?”

மறுநாள் மதியம் நான் போனபோது, “சாரு கோவமா இருக்காரா மேடம்?” என்று அவரே கேட்டார். நான் பையை நீட்டினேன். வரிசையில் எனக்குப் பின்னால் யாரும் இல்லை. அட்டையைக் கட்டிக்கொண்டே சொன்னார்.

“மலையில ஒரு செக்போஸ்ட்டு மேடம். தெனம் ஒரு பால் வண்டி வரும். ஓட்டுறவரு நல்ல மனுஷன். எங்களுக்கு டீ போடப் பாலு குடுப்பாரு. ஆறு மாசம் தொறந்து தொறந்து பார்த்தோம். ஏழாவது மாசம் தொறக்கல. தெரிஞ்சவருதானே, குளுருல எதுக்கு எறக்கணும்னு. அன்னிக்கி அவரு பொண்டாட்டி புள்ளைங்கள எவனோ வூட்ல புடிச்சி வச்சிக்கினு வண்டியில குண்ட வச்சி அவர அனுப்பியிருக்கான். எங்களுக்குத் தெரியாது. எங்க ஆளுங்க மூணு பேரு, அவரு ஒருத்தரு.” இடது காதைத் தொட்டார். “இன்னிக்கும் அவரு நல்லவருன்னுதான் சொல்லுவேன். நல்லவர நிறுத்தாம வுட்டோம், அதான் எங்க தப்பு.”

“இங்க அதெல்லாம் வராதுங்க” என்றேன். ஆறுதலாகத்தான் சொன்னேன்.

“அதான் மேடம். ஊர்லயும் அதத்தான் சொன்னாங்க.” செத்த மூவரில் ஒருவர் கடலூர்ப் பக்கத்துக்காரராம். உடலோடு இவர்தான் வந்தாராம். “பொட்டி எறக்குறப்பவே ஒரு பெரியவரு கேட்டாரு, ‘இன்னா தம்பி, ஆக்சிடென்டா?’ன்னு. இல்லீங்க, சண்டையிலன்னேன். ‘எந்தச் சண்ட? பேப்பர்ல சண்டன்னு ஒண்ணும் வரலயே’ன்னாரு. அவரு கிண்டல் பண்ணல மேடம். நெஜமாவே கேட்டாரு.”

அவரைக் கடற்கரையில் பார்த்ததும் அந்த மாதம்தான். நவம்பர் பதினொன்று. பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட ஊர் எங்களுடையது; பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் சொல்தாக்கள் அன்று காலையில் கோட்டு போட்டு, மெடல்களைக் குத்திக்கொண்டு முதல் உலகப் போர் நினைவுச் சின்னத்துக்கு வந்து மலர் வளையம் வைப்பார்கள். கலா அக்காவின் மாமனாரும் ஒரு சொல்தாதான். “எங்க மாமனாரு நெஜமான சண்டைக்குப் போனவரு, அல்ஜீரியாவுக்கு. அவரே வூட்ல சேர் போட்டுத்தான் உக்காருறாரு. இந்தாளு எந்தச் சண்டைக்குப் போனாராம்?” என்று அவர் கேட்பதற்கு அந்த மெடல்கள்தான் காரணம். எங்கள் ஊரில் சண்டை என்றால் மெடல் இருக்க வேண்டும், பென்ஷன் இருக்க வேண்டும், கல்வெட்டு இருக்க வேண்டும்.

நாங்கள் போனது சாயங்காலம். கூட்டம் கலைந்து, வளையங்கள் மட்டும் கிடந்தன. கம்பிக்கு வெளியே பார்டர் நின்றிருந்தார். பள்ளிச் சீருடை இல்லாமல், வெள்ளைச் சட்டையில், வேறு ஆள் மாதிரி இருந்தார். கையில் சுண்டல் பொட்டலம்.

“இவங்களுக்கு வருஷம் போட்டிருக்காங்க பாருங்க மேடம்” என்று கல்லைக் காட்டினார். “பதினாலுல ஆரம்பிச்சிது, பதினெட்டுல முடிஞ்சிது. ரெண்டு தேதி இருந்தா ஜனங்க நம்புறாங்க. எங்களுதுக்கு எந்தத் தேதியப் போடுறது? யாரும் மணி அடிச்சி ஆரம்பிக்கல, மணி அடிச்சி முடிக்கவும் இல்ல.” பிறகு நிவேதாவிடம் குனிந்து சுண்டலை நீட்டினார். அவள் என் பின்னால் ஒளிந்துகொண்டாள். கேட்டுக்கு வெளியே அவரை அவளுக்குப் பயம்.

அதற்கு இரண்டு வாரம் கழித்து மும்பையில் அந்தத் தீவிரவாதத் தாக்குதல் நடந்தது. மூன்று நாள் தொலைக்காட்சிக்கு முன்னாலிருந்து நாங்கள் எழுந்திருக்கவில்லை. ஆறு மாதக் கைக்குழந்தை அருண் மடியில்; பால் கொடுத்துக்கொண்டே அந்த ஓட்டல் எரிவதைப் பார்த்தேன். திங்கட்கிழமை பள்ளிக்குப் போனால் கேட்டில் அப்படி ஒரு ஒழுங்கு. அம்மாக்கள் கேட்காமலே மூடியைத் திறந்து காட்டினார்கள். என் கணவர் அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போனார். யாரோ ஒருவர் பார்டருக்கு ஒரு டப்பா மைசூர்பாகு கொடுத்தார். தாளாளர் கையில் பிடித்துச் சோதிக்கும் கருவி ஒன்றை வாங்கித் தந்தார். பிள்ளைகளை வரிசையாகக் கயிற்றைப் பிடிக்க வைத்து எதிர்க் கல்யாண மண்டபத்துக்கு ஓடாமல் நடக்க வைக்கும் ஒத்திகையைப் பார்டர் நடத்தினார். ஆசிரியைகள் கைதட்டினார்கள்.

“இப்பதான் எல்லாருக்கும் புரிஞ்சிருக்குது” என்று அவரிடம் சொன்னேன்.

“பயம் பதினஞ்சு நாளு மேடம். அப்பறம் பசி வந்துடும்.”

பொங்கலுக்கு முன்பே பழையபடி ஆகிவிட்டது. கருவியின் பேட்டரி தீர்ந்தது; புதியது கேட்டுக் கேட்டு அலுத்து, அவரே அதை நாற்காலியில் தொப்பிகளுக்கு நடுவே வைத்துவிட்டார். அம்மாக்கள் மறுபடி முணுமுணுத்தார்கள். கலா அக்கா பையைத் திறக்க விடாமல் இழுத்துப் பிடித்துக்கொண்டார். “ரசஞ்சோறுங்க. ரசம் வெடிக்குமா?”

“ரசமா மேடம்? நல்லது. ஒருவாட்டி காட்டிடுங்க.”

எங்களை மட்டும் குறை சொல்வதும் நியாயமில்லை என்று சில நேரம் தோன்றும். படையில் காவல் நிற்பவர் ஆளை நிறுத்தச் சொல்லும் ‘தம்!’ என்ற இந்திச் சொல்லைப் பிள்ளைகள் அவரிடமிருந்து கற்றுக்கொண்டார்கள். பால்கார அம்மாவை எங்கள் வாசலில் நிவேதா கையை நீட்டித் ‘தம்!’ என்று நிறுத்தினாள். எல்லோரும் சிரித்தோம். ஒரு காலையில் நான் சாதம் வடித்துக்கொண்டிருக்கும்போது வந்து கேட்டாள்: “அம்மா, என் டிபன் பாக்ஸ்ல குண்டு இருக்குமா?” நாலரை வயது. அன்று சிரிப்பு வரவில்லை. இந்தப் பயத்தை யார் என் பிள்ளைக்குள் வைத்தது? மும்பையில் சுட்டவர்களா, இவரா? நாம் சண்டை என்று ஒப்புக்கொள்ளாமல் இருப்பது சோம்பேறித்தனம்தானா, இல்லை பிள்ளைகள் பிள்ளைகளாக இருக்க அதுதான் வழியா? அன்றைக்கு எனக்கு அவர் மேல்தான் கோபம் வந்தது.

பள்ளியின் பின்சுவர் தாழ்வானது. சுவருக்கு உள்ளே கை கழுவும் குழாய், அதன் கீழே ஒரு சிமென்ட் மேடை. பள்ளியில் உதவிக்கு இருந்த ஆயம்மாவிடம் சொல்லிவைத்து, சுவருக்கு மேலாகவே பையை இறக்கி மேடையில் வைத்துவிடும் பழக்கம் அந்த மாதம் ஆரம்பித்தது. கண்டுபிடித்தவர் கலா அக்கா. ஆயம்மா எடுத்துப் போய் வகுப்பில் கொடுத்துவிடுவார். பத்துப் பதினைந்து அம்மாக்கள் அப்படிச் செய்தார்கள். நான் செய்யவில்லை. விதி என்று ஒன்று இருந்தால் எனக்கு அதை மீற வராது. அந்தப் பிப்ரவரிப் புதன்கிழமை வரை.

புதன்கிழமை தடுப்பூசி நாள். அருணுக்கு ஒன்பதாம் மாத ஊசி. பன்னிரண்டரைக்கு மேல் போனால் சுகாதார நிலையத்தில் அடுத்த வாரம் வா என்பார்கள். கேட்டில் வரிசை நீளமாக இருந்தது. வழக்கமான மஞ்சள் பை கைப்பிடி அறுந்துபோயிருந்ததால் சாப்பாட்டை ஒரு கறுப்புக் கவரில் போட்டிருந்தேன். டப்பாவின் மூடியில் ரப்பர் போய்ப் பல நாளாகிவிட்டது, சாம்பார் ஒழுகும். அதனால் கவருக்கு மேலேயே கணவரின் இன்சுலேஷன் டேப்பை எடுத்து நாலு சுற்று இறுக்கச் சுற்றியிருந்தேன். இடுப்பில் குழந்தை. ஒரே ஒரு நாள்தானே என்று பின்பக்கம் போனேன். எட்டி மேடையில் வைத்தேன். நீல அட்டை இல்லை. ஆயம்மா அன்று வரவில்லை, அதனால் மற்ற அம்மாக்கள் கேட்டுக்கே போய்விட்டார்கள் என்பது எனக்குத் தெரியாது.

ஊசி போட்டுத் திரும்பும்போது விழுப்புரம் சாலைத் திருப்பத்திலேயே கூட்டம். சிவப்புத் தொப்பி போலீஸ்காரர் ஒருவர் வண்டிகளைத் திருப்பி விட்டுக்கொண்டிருந்தார்.

“இஸ்கூல்ல குண்டாம்மா” என்றார் ஒரு பழக்காரர்.

எப்படி ஓடினேன் என்று தெரியாது. மண்டபத்து வாசலில் பிள்ளைகள் வரிசையாக, கயிற்றைப் பிடித்தபடி, சத்தமில்லாமல் நின்றிருந்தார்கள். நிவேதா நடுவில் இருந்தாள். என்னைப் பார்த்ததும், “அம்மா, நாங்க ஓடல, நடந்தோம்” என்றாள். அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். அழுதுகொண்டிருக்கும்போதே பக்கத்தில் யாரோ சொன்னது காதில் விழுந்தது: “கொழாய்க்கிட்ட கறுப்புக் கவராம். டேப்பு போட்டுச் சுத்தியிருக்காம்.”

நாலு சுற்று. நான் சுற்றியது.

இன்ஸ்பெக்டர் மண்டபத்துப் படியில் ஏறி நின்று கேட்டார். “சத்தமா கேக்குறேன். கறுப்புக் கவர் யாராவது வச்சீங்களா? யாரோடதாவது இருந்தா இப்பவே சொல்லிடுங்க. ஒண்ணும் பண்ண மாட்டோம்.”

சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தேன் என்றுகூட நினைக்கிறேன். இருநூறு அம்மா அப்பாக்கள், போலீஸ், நாய், கேமராவோடு ஒருவர். ஊசி போட்ட குழந்தை வீறிட்டு அழுதது. குழந்தையைத் தட்டிக்கொடுக்கிற மாதிரி தலையைக் குனிந்துகொண்டேன். இன்ஸ்பெக்டர் மறுபடி ஒருமுறை கேட்டார். பிறகு கனமான உடுப்புப் போட்ட ஒருவர் தனியாகக் கேட்டுக்குள் நடந்து போனார்.

இருபது நிமிடம் ஆகியிருக்கும். உள்ளே முதலில் யாரோ சிரித்தார்கள். சிரிப்பு கேட் வழியாக வெளியே வந்து தெருவெல்லாம் பரவியது. “சாம்பார் சாதம்! உருளைக்கெழங்கு வறுவல்! ஒரு அவிச்ச முட்டை!” கலா அக்கா என் தோளில் சாய்ந்து சிரித்தார். “முட்டைய நாயி மோந்து பார்த்துதாம்டி.” நானும் சிரித்தேன். பார்டர் கேட்டில், அதே ஒருக்களித்த நிலையில், நின்றிருந்தார். அவர் சிரிக்கவில்லை.

சனிக்கிழமை பெற்றோர் கூட்டம். அதற்குள் ஒரு நாளிதழில் ‘சாம்பார் குண்டு’ என்று பெட்டிச் செய்தி வந்துவிட்டது. இரண்டு பிள்ளைகளுக்குக் காய்ச்சல். வெயிலில் நின்றதால் என்றார்கள். அவரைக் கதவோரம் நிற்க வைத்துப் பேசினார்கள்.

“நூறு நம்பருக்குப் போன் பண்றதுக்கு முன்னாடி என்னக் கேட்டீங்களா?” என்றார் தாளாளர்.

“கேக்குற நேரத்துல வெடிச்சிட்டா சார்?”

“வெடிக்கலயே!”

“இது இஸ்கூலா, பட்டாளமா?” என்று கலா அக்கா எழுந்தார். “நெஜமா சண்ட நடக்குற எடத்துல வச்சிக்கட்டும் இதெல்லாம்.”

“எங்க நடக்கல மேடம்?” என்றார் அவர். பின்வரிசையில் யாரோ ‘தம்!’ என்று குரல் கொடுக்க, கூடமே சிரித்தது. அவர் சிரிப்பு அடங்கும் வரை காத்திருந்து, தாளாளரிடம் மட்டும் சொன்னார்: “ஆறு நிமிஷம் சார். இருநூத்திப் பதினோரு புள்ளைங்க. ஒண்ணுகூட வுழல.”

“அதெல்லாம் சரி. யார் வச்சாங்கன்னு தெரிஞ்சிதா?”

மூன்றாவது வரிசையில் அருணை மடியில் வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தேன். அவர் எதிர்ச் சுவரைப் பார்த்தார்.

“தெரியல சார்.”

அவரை நீக்கச் சொல்லும் மனு வரிசை வரிசையாகக் கைமாறி வந்தது. என் கையெழுத்து அழகாக இருக்கும். அன்றும் அழகாகவே போட்டேன். போடாவிட்டால் சந்தேகம் வரும் என்று நினைத்தேனா, பிள்ளைக்கு நல்லது என்று நினைத்தேனா? இரண்டும்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

மாதக் கடைசி அவருக்குக் கடைசி நாள். மதியம் புது மஞ்சள் பையோடு வரிசையில் நின்றேன். வேண்டுமென்றே எல்லோருக்கும் கடைசியாக. மூடியைத் தூக்கினார், பார்த்தார், மூடினார், அட்டையைக் கட்டினார். பிறகு நாற்காலியில் தொப்பிகளுக்கு அடியிலிருந்து செய்தித்தாள் சுற்றிய ஒன்றை எடுத்து நீட்டினார். என் டப்பா. பளபளவென்று தேய்த்திருந்தது.

“ஸ்டேஷன்ல தூக்கிப் போட இருந்தாங்க. கேட்டு வாங்கியாந்தேன். மூடிக்கு ரப்பரு மாத்திடுங்க மேடம்.”

“உங்களுக்கு... எப்பத் தெரியும்?”

“கவர்ல தெரியல. தெரிஞ்சிருந்தாலும் அதத்தான் பண்ணியிருப்பேன். மூடியத் தொறந்து வெளிய கொண்டாந்ததும் தெரிஞ்சிது. உருளைக்கெழங்க அவ்ளோ நீட்டமா நறுக்குறது உங்க வூட்லதான்.”

“கூட்டத்துல சொல்லியிருக்கலாமே. உங்க வேல...”

“சொன்னா பாப்பாவ மத்த புள்ளைங்க சாம்பார் குண்டு, சாம்பார் குண்டுன்னு கூப்புடுவாங்க. அஞ்சாங்கிளாஸ் வரைக்கும் வுடாதுங்க.” அவர் தெருவைப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். “ஆனா இன்ஸ்பெக்டரு கேட்டப்ப நீங்க சொல்லியிருக்கணும் மேடம். தனியா உள்ள போனானே ஒருத்தன், அவனுக்கு அது சாம்பாருன்னு தெரியாது. அவனுக்கும் வூட்ல புள்ளைங்க இருக்கும்.”

கோபமாகச் சொல்லவில்லை. அட்டையைச் சரியாகக் கட்டுங்கள் என்று சொல்கிற அதே குரல். பின்னால் ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. “பேரன கூப்பிட வந்தீங்களா சார்? கார்டு?” என்று அவர் அந்தப் பக்கம் போய்விட்டார்.

அதன் பிறகு வந்தவர் நாற்காலியில் உட்காருகிறார். நல்ல மனிதர், எல்லோரையும் பார்த்துச் சிரிப்பார், “போங்க போங்க” என்பார். ஒன்றும் நடக்கவில்லை. ஒரு குறையும் இல்லை. நிவேதா ‘தம்’மை மறந்துவிட்டாள். நான்தான் பேருந்தில், ஆஸ்பத்திரியில், யாரும் இல்லாமல் கிடக்கிற பையைப் பார்த்தால் நாலு அடி தள்ளி நிற்கிறேன். தள்ளி நிற்கிறேனே தவிர, யாரிடமும் சொல்வதில்லை. சாம்பாராக இருந்தால் சிரிப்பார்களே.

போன மாதம் உப்பளத்தில் அவரைப் பார்த்தேன். ஏதோ ஒரு கிடங்கின் கேட். பக்கத்தில் நாற்காலி, அதன் மேல் யாருடைய ஹெல்மெட்டோ இருந்தது. வலது காது சாலைப் பக்கம். வண்டியை எதிர்ப்பக்கம் நிறுத்திக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். சாலையைக் கடந்து போகவில்லை.

வரும் ஜூன் மாதம் அருணை அதே பள்ளியில் சேர்க்கிறோம். சேர்க்கைப் படிவத்தின் கடைசிப் பக்கத்தில் ஒரு கட்டம் இருக்கிறது: ‘பள்ளியின் பாதுகாப்பு குறித்துப் பெற்றோர் கருத்து.’ மற்றதெல்லாம் நிரப்பிவிட்டேன். அந்தக் கட்டம் மட்டும் காலியாக இருக்கிறது. அந்தக் கவர் என்னுடையது, அவரைத் திரும்ப அழையுங்கள் என்று எழுதினால் நிவேதாவுக்கு அந்தப் பெயர் வரும். அருணும் ஒருநாள் சாதம் வடிக்கும்போது வந்து அதே கேள்வியைக் கேட்பான். எழுதாவிட்டால், கேட்டில் ஒருவர் உட்கார்ந்து சிரித்துக்கொண்டே இருப்பார். கணவர், “பழைய கதை, விடு” என்கிறார். கலா அக்காவிடம் கேட்க முடியாது.

உங்கள் வீட்டிலும் சின்னப் பிள்ளைகள் இருப்பார்கள். வாசலில் எப்படிப்பட்டவர் நின்றால் நீங்கள் நிம்மதியாகத் திரும்பிப் போவீர்கள்? படிவத்தைத் திங்கட்கிழமை கொடுக்க வேண்டும். அந்தக் கட்டத்தில் நான் என்ன எழுதட்டும், சொல்லுங்களேன்.